வேடந்தாங்கல்: ஒரு சொல்லின் வரலாறு

தொண்டை நாடு ஏரிகளின் நாடு. காவிரியைப் போன்றதொரு பேராற்றின் பாசனம் இந்நாட்டுக்கு வாய்க்கவில்லை. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தருவன. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் கீழைக்கடலிலிருந்து வரும் மழையை ஓராண்டுக்கும் சேமித்து வைத்தாலன்றி இங்கு நெல் விளையாது. ஆகவே நம் முன்னோர் சரிவு கண்ட இடமெங்கும் கரை எழுப்பினர். ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரியை நிரப்புமாறு சங்கிலித் தொடராக அமைத்தனர். செங்கற்பட்டுப் பகுதிக்கு 'ஏரி மாவட்டம்' என்னும் பெயர் வழங்குவது இதனாலேயே.

அந்த ஏரிகளுள் ஒன்று, பரப்பால் மிகச் சிறியது, உலகப் புகழ் பெற்றுள்ளது. சுமார் 30 ஹெக்டேர் அளவே உள்ள வேடந்தாங்கல் ஏரியைக் காண ஆண்டுதோறும் பல நாட்டினரும் வருகின்றனர். அங்கே கூடும் புள்ளினங்களின் அழகைப் பலரும் எழுதியுள்ளனர். அப்புள்ளினங்களைக் காத்து நின்ற ஊராரின் வரலாறு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

'தாங்கல்' என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரியைக் குறிக்கும் தொண்டை நாட்டுச் சொல். தென்பாண்டி நாட்டில் கண்மாய், ஏந்தல் என வழங்குவன இங்கே ஏரி, தாங்கல் எனப் பெயர் பெறும். சென்னை மாநகருக்குள் அடங்கிவிட்ட பழவந்தாங்கல், அதன் புறத்தே உள்ள ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் அவ்விடங்களில் ஒருகாலத்தில் நீர்நிலை இருந்தமைக்குச் சான்று பகர்கின்றன. அவ்வகையில் வேடந்தாங்கல் என்பது 'வேடன் தாங்கல்', அதாவது வேட்டுவனின் ஏரி என்று பொருள்படும். முன்னாளில் இவ்விடம் நிலக்கிழார்கள் பறவை வேட்டையாடிய இடமாக இருந்தது என்று கூறுவர்.

வேட்டுவனின் பெயரைத் தாங்கிய ஏரி, வேட்டையே கூடாத இடமாக மாறியிருக்கிறது. பெயர் மாறவில்லை, ஊராரின் ஒழுக்கம் மாறியது. கொல்லாமையை அறங்களில் தலையாயதாகப் போற்றும் இம்மலரின் வாசகர்கள் எண்ணி மகிழத்தக்க மாற்றம் இது.

வரும் புள்ளும் வாழும் புள்ளும்

வேடந்தாங்கலில் காணும் பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வருவன என்று பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. அங்கே மரந்தோறும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பெரும்பறவைகள் நம் நாட்டுக்கே உரியவை. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, வெண்கொக்கு, கூழைக்கடா ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை நீரும் இரையும் உள்ள இடம் நாடி நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்வன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் வந்து, நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு அமைத்து, கோடை முதிர்வதற்குள் குஞ்சுகளுடன் பிரிந்து செல்கின்றன.

மற்றொரு கூட்டம் கடுங்குளிருக்கு அஞ்சி வடபுலத்திலிருந்து வருவது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், உள்ளான் வகைகள், சாம்பல் வாலாட்டி முதலியன சைபீரியா, நடு ஆசியா, இமயச்சாரல் ஆகிய பகுதிகளிலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்குவன. இவை இங்கே கூடு கட்டுவதில்லை. இவற்றுக்கு நம் நாடு குளிர்கால உறைவிடம். குஞ்சு பொரிக்கும் தாயகம் வடபுலமே. வாத்தினங்களுட் பல, வேடந்தாங்கலுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள ஆழம் குறைந்த கரிக்கிலி ஏரியையே பெரிதும் விரும்புகின்றன.

இவ்வலசையைத் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உற்றுநோக்கியுள்ளனர். 'வம்பு' என்பதற்குப் புதுமை, நிலையின்மை என்னும் பொருள்கள் உண்டு. புதிதாக வந்து தங்கிச் செல்லும் நாரையைச் சங்கச் சான்றோர் 'வம்ப நாரை' என்றனர். கோப்பெருஞ்சோழனின் நண்பரான பிசிராந்தையார், குமரித்துறையில் இரை அருந்தி வடமலைக்குச் செல்லும் அன்னச்சேவலை விளித்துப் பாடியது புறநானூற்றின் 67ஆம் பாட்டு. பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவரும் தெற்கே குமரியாடி வடக்கே செல்லும் நாரையையே தூது விடுத்தார். இரு புலவரும் தென்கோடியையும் வடதிசையையும் ஒரு பறவையின் வழியால் இணைத்துள்ளனர். பறவை எத்திசையிலிருந்து வருகிறது, எத்திசைக்குச் செல்கிறது என்பதைக் கண்டறிந்திருந்தாலன்றி இக்கற்பனை தோன்றியிராது.

ஒரே ஏரியில் பல்லினம் கூடியும் பூசல் பெரிதும் எழாமைக்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் இயற்கை தனித்தனிக் கருவியைத் தந்திருக்கிறது. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் இடையே சிறிது இடைவெளி விட்டு வளைந்திருக்கும். நத்தையின் உள்ளிருக்கும் தசையை வெளிக்கொணர அது துணைபுரிகிறது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகைப் பக்கவாட்டில் வீசி நீரை அளைகிறது. பாம்புத்தாரா கூரிய அலகால் மீனைக் குத்துகிறது. கூழைக்கடா தன் தொண்டைப் பையால் நீரோடு மீனை முகக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்து, மீன் தீண்டும் கணத்தில் மூடிக்கொள்கிறது. பகற்பறவைகள் கூடு திரும்பும் அந்திப்பொழுதில் வக்காக்கள் இரைதேடப் புறப்படுகின்றன. காலத்தாலும் கருவியாலும் இரையாலும் பங்கு பிரித்துக்கொண்ட வாழ்வு அது.

உச்சிவேளையில் தாய் நாரையும் தந்தை நாரையும் முறைவைத்துக் கூட்டின் மேல் சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தரும் காட்சியை அங்கே காணலாம். அக்காட்சியைக் கண்டவர் அப்பறவையின்மீது துப்பாக்கியை நீட்டத் துணியார்.

உழவர் கண்ட உறவு

பல்லாயிரம் பறவைகள் ஐந்தாறு மாதம் ஓரிடத்தில் தங்கினால் அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலக்கும். எச்சத்தில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாக உள்ளன. அந்நீர் மதகு வழியே கழனிக்குப் பாயும்போது உரமும் உடன் பாய்கிறது. வேடந்தாங்கல் உழவர் இதனை வேதியியல் நூல் கற்று அறிந்தாரல்லர்; பறவை வந்த ஆண்டின் விளைச்சலையும் வாராத ஆண்டின் விளைச்சலையும் ஒப்பிட்டு அறிந்தனர். நெற்பயிருக்குக் கேடு செய்யும் நத்தைகளை நாரைகள் உண்பதும் அவர்கள் கண்ட நன்மையே.

இக்காரணத்தைச் சுட்டி, 'ஊரார் பறவைகளைக் காத்தது தம் ஆதாயத்துக்காகத்தானே' என்று குறைகூறுவோர் உண்டு. இக்கூற்று முழுமையானதன்று. மரத்தை வெட்டினால் விறகு கிடைக்கும். பறவையைப் பிடித்தால் இறைச்சி கிடைக்கும். அவ்வாதாயங்கள் உடனே கைக்கு வருவன. அவற்றைத் துறந்து, பருவம் முடிந்து கதிர் முற்றும் வரை காத்திருக்கும் ஆதாயத்தைத் தேர்ந்தனர் அவ்வூரார். அது ஒருவரால் மட்டும் இயல்வதன்று. ஊர் முழுவதும் உடன்பட்டால் மட்டுமே இயலும். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் பறவைகள் வந்து கூடு கட்டுவதில்லை. அவ்வாண்டிலும் மரங்கள் வெட்டப்படாமல் நின்றால்தான் அடுத்த ஆண்டில் வரும் பறவைக்குக் கிளை இருக்கும். பயன் கிட்டாத ஆண்டிலும் கடைப்பிடிக்கும் கட்டுப்பாட்டை ஆதாயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பயனும் அருளும் ஒன்றோடொன்று பிணைந்தே அங்கு வேரூன்றின.

துப்பாக்கியும் கவுலும்

இனி வரலாற்றுக்கு வருவோம். செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு நேர்ந்தது. ஊர்கள் பாழாயின; மக்கள் சிதறினர்; பராமரிப்பின்றி ஏரிகள் பல சீர்குலைந்தன. அந்நிலையில் 1794இல் இங்கு ஆட்சியராக வந்தவர் லயனல் பிளேஸ். ஏரிகளைச் செப்பனிடுவதில் மிகுந்த ஊக்கம் காட்டியவர் அவர். ஜாகீரின் நிலவுரிமை, நீர்ப்பாசனம், ஊர் அமைப்பு ஆகியன குறித்து அவர் 1799இல் எழுதிய அறிக்கை, வரலாற்றாசிரியர் இன்றும் எடுத்தாளும் ஆவணமாகும்.

மதுராந்தகம் 'ஏரி காத்த இராமர்' கோயில் வரலாற்றில் வரும் ஆட்சியரும் இவரே. பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்தபோது, வில்லேந்திய இருவர் கரைமேல் நின்று காவல் புரியக் கண்டார் என்பதும், அதன்பின் தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்து கொடுத்தார் என்பதும் அவ்வூரார் வழிவழியாகக் கூறும் செய்தி. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு அங்கே உள்ளது.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. செங்கற்பட்டில் தங்கியிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டு வீழ்த்தினர் என்றும், மனம் பொறாத ஊரார் ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர் என்றும் கூறப்படுகிறது. ஊராரின் வேண்டுகோளை ஏற்று, அவ்வேரியில் எவரும் பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்னும் உரிமையை 1798ஆம் ஆண்டளவில் 'கவுல்' ஆக எழுதித் தந்தார் பிளேஸ்.

அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தால் இச்செயலின் அருமை விளங்கும். ஆள்வோர் வாணிகக் கம்பெனியார். சுட்டவர் அவர்தம் படையினர். முறையிட்டவரோ எளிய உழவர். கம்பெனி அதிகாரி உழவர் பக்கம் நிற்கக் காரணம் என்ன? நிலவரியே கம்பெனியின் வருவாய். வரிக்கு அடிப்படை விளைச்சல். விளைச்சலுக்கு அடிப்படை ஏரி நீர். அந்நீரின் வளத்துக்குப் பறவைகள் காரணம் என்று உழவர் எடுத்துரைத்தபோது, ஏரிகளின் அருமை அறிந்த அவ்வாட்சியருக்கு அது எளிதில் விளங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. அருள் நோக்கில் தொடங்கிய முறையீட்டை ஆள்வோருக்குப் புரியும் மொழியில் சொல்லத் தெரிந்த உழவரின் அறிவுத்திறம் போற்றுதற்குரியது.

'கவுல்' என்பது அரபு மொழியிலிருந்து வந்து வருவாய்த்துறை வழக்கில் கலந்த சொல். குத்தகை, உறுதிமொழி ஆகியவற்றுக்கு அரசினர் தரும் எழுத்துச் சான்றை அது குறிக்கும். மூல மொழியில் அதன் பொருள் 'சொல்', 'வாக்கு' என்பதே. ஆகவே வேடந்தாங்கல் மக்கள் கேட்டுப் பெற்றது ஒரு சொல். அதற்கு முன்பே பறவைகளுக்குத் தாம் ஒரு சொல் தந்திருந்தமையால்தான் அரசிடம் சென்று இன்னொரு சொல்லைக் கேட்கும் துணிவு அவர்களுக்கு வந்தது. அவ்வுரிமையை 1858இலும் செங்கற்பட்டு ஆட்சியரின் ஆணையால் மீண்டும் உறுதி செய்துகொண்டனர்.

ஊர்க்கட்டிலிருந்து சட்டத்துக்கு

இந்தியாவில் காட்டுப்பறவைகளைக் காக்கும் பொதுச் சட்டம் முதன்முதலில் 1887இல்தான் இயற்றப்பட்டது. மேனாட்டு மகளிரின் தொப்பிகளை அணிசெய்யக் கொக்குகளின் இறகுக்காக அவை கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்ட காலம் அது. இறகு ஏற்றுமதியை அரசு 1902இல் தடை செய்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவண் அரசு முதல் பறவைக் காப்பிடமாகப் புளோரிடாவின் பெலிக்கன் தீவை அறிவித்தது 1903இல். இவை அனைத்துக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொண்டை நாட்டின் ஒரு சிற்றூர் தன் ஏரிக்கு எழுத்துவழிக் காப்புப் பெற்றிருந்தது என்பது தமிழர் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

1936இல் அரசு வேடந்தாங்கலைப் பறவைப் புகலிடமாக முறைப்படி ஏற்றது. விடுதலைக்குப் பின்னர் இதன் சிறப்பைப் பலரறியச் செய்தவருள் மா. கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனான இவர் ஒளிப்படத்திலும் எழுத்திலும் வல்லவர். நம் மண்ணுக்குரிய மரமும் விலங்கும் புள்ளுமே நம் கவனத்துக்கு முதலில் உரியவை என்று வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு உட்பட்ட பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் உருவான ஈரநிலங்கள் உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. அவ்வுடன்படிக்கைப் பட்டியலில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் இடம்பெற்றன. ஊராரின் சொல் ஆட்சியரின் எழுத்தாகி, நாட்டின் சட்டமாகி, உலக உடன்படிக்கையாக உயர்ந்த வரலாறு இது.

இவ்வழியில் பிற ஊர்கள்

வேடந்தாங்கல் தனித்த எடுத்துக்காட்டன்று. நெல்லை மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வீட்டுப்புற மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் அங்குள்ள குளத்துக்கு விருந்தாக வருகின்றன. 1994இல் அவ்வூர் சரணாலயமானது. ஊராரின் அன்பு அதனினும் பழமையானது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிக் கண்மாய்கள் 1977இல் சரணாலயமாயின. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் குஞ்சுகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஊர்ச் சிறுவரும் மனமுவந்து இக்கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கின்றனர்.

இராசத்தான் மாநிலம் பலோதிக்கு அருகிலுள்ள கீச்சன் என்னும் ஊரையும் இங்கே கூறுதல் பொருந்தும். குளிர்காலத்தில் அங்கே கூடும் பல்லாயிரம் கொக்கினப் பறவைகளுக்குச் சமண வணிகப் பெருமக்களின் அறக்கொடையால் நாள்தோறும் தானியம் இறைக்கப்படுகிறது. கீச்சனில் காண்பது ஈகை அறம். வேடந்தாங்கலில் எவரும் பறவைக்கு உணவிடுவதில்லை; அதன் வாழ்வில் தலையிடாமல் இருக்கின்றனர். அது அடக்க அறம். கொடுப்பதும் அறம், கெடுக்காதிருப்பதும் அறம். பின்னது எளிதென்று தோன்றும். தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிப்பதே அரிது.

எல்லைக்கு அப்பால்

இறுதியாக, நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேடந்தாங்கல் ஏரி பறவைகளின் தொட்டில். அவற்றின் உணவுக்களம் வேறு. இத்துணைச் சிறிய ஏரி அத்துணைப் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் இரை தர இயலாது. காலையில் புறப்படும் நாரை பல கிலோமீட்டர் பறந்து பிற ஏரிகளிலும் கழனிகளிலும் மீனும் நத்தையும் தவளையும் தேடிக் குஞ்சுகளுக்குக் கொண்டுவருகிறது. நம் முன்னோர் சங்கிலித் தொடராக வெட்டிய ஏரிகள் அனைத்தும் சேர்ந்தே இவ்வொரு ஏரியின் கூடுகளைத் தாங்குகின்றன. அத்தொடரில் சில ஏரிகள் மனைகளாகி, சில தூர்ந்து, சிலவற்றில் ஆலைக்கழிவும் பூச்சிமருந்தும் கலந்தால், வேடந்தாங்கலில் மரங்கள் நிற்கும், கூடுகள் குறையும்.

2020இல் சரணாலய எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தபோது மக்களிடையே கடும் எதிர்ப்புத் தோன்றியதன் காரணம் இதுவே. சட்டம் வரைபடத்தில் கோடு கிழிக்கும். பறவை அக்கோட்டை அறியாது. அது அறிந்ததெல்லாம், தாய்நாரையும் பாட்டன்நாரையும் அச்சமின்றி வாழ்ந்த இடம் இது என்பதே. அந்நம்பிக்கை ஊராரின் சொல்லால் விளைந்தது. அதனைக் காக்கும் பொறுப்பு இன்று அவ்வூராருக்கு மட்டும் உரியதன்று. அவ்வேரித் தொடரில் வாழும் அனைவருக்கும் உரியது.

மார்கழி முதல் மாசி வரை வேடந்தாங்கலுக்குச் செல்லும் அன்பர்கள் காலையிலோ மாலையிலோ சென்று, கரையில் அமைதியாக நின்று காணுதல் நன்று. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். உரக்கப் பேசாதிருக்கவும், நெகிழிப் பொருள்களை எறியாதிருக்கவும் அவர்களைப் பழக்குங்கள். பறவைகளின் பெயர்களோடு, கம்பெனியார் காலத்தில் ஆட்சியரிடம் நடந்து சென்று வாயில்லாப் புள்ளினத்துக்காகப் பேசிய உழவரின் வரலாற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை. ஆண்டுதோறும் மழைக்குப்பின் அவ்வேரிக்குத் திரும்பும் ஒவ்வொரு நாரையும் அவர்களுக்கு எழுதப்பட்ட கல்வெட்டே ஆகும்.

அவர்கள் காத்த சொல்லை நாமும் காப்போம். எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!